பலா மணக்காத வயல்

செங்கமலத்துக்கு மூக்கு இருந்தது. அதில் எட்டுக்கல் மூக்குத்தியும் இருந்தது. மோப்பம் ஒன்றுதான் இல்லை.

கல்லூரியில் படிக்கும்போது வந்த விஷக்காய்ச்சல் போகிற போக்கில் அதையும் சுருட்டிக்கொண்டு போய்விட்டது. உப்பு, புளி, இனிப்பு, காரம் எல்லாம் நாக்கில் பத்திரமாகத் தங்கிவிட்டன. ஆனால் தலையில் வைக்கும் மல்லிகையும் வாசலில் தெளிக்கும் சாணமும் அவளுக்கு ஒன்றுதான். அப்பேர்ப்பட்டவளுக்கு, மூக்கை மட்டுமே நம்பி நடக்கிற ஓர் அரசாங்கத் திட்டத்தில் வயல் பயிற்சியாளர் வேலை கிடைத்தது. எப்படிக் கிடைத்தது என்கிறீர்களா? அதையும் சொல்லிவிடுகிறேன்.

தேர்வுக்கூடத்தில் வரிசையாகச் சீசாக்கள் வைத்திருந்தார்கள். எதில் பலாப்பழ வாசனை பலமாக இருக்கிறது, எதில் லேசாக, எதில் சுத்தமாக இல்லை என்று முகர்ந்து பார்த்துச் சொல்ல வேண்டும். செங்கமலம் சீசாவைப் பார்க்கவே இல்லை. தனக்கு முன்னால் நின்ற மனிதரின் முகத்தையே பார்த்துக்கொண்டு போனாள். மூக்கு விடைத்தால் பலம், புருவம் நெளிந்தால் லேசு, சும்மா நகர்ந்தால் ஒன்றுமில்லை. அந்த மனிதர் ஒரு சீசாவில் தவறிவிட்டார். செங்கமலமும் அதே சீசாவில்தான் தவறினாள். இரண்டு பேருக்கும் வேலை கிடைத்துவிட்டது.

செய்தது திருட்டுத்தனம்தான், இல்லை என்று சொல்லவில்லை. அதற்கு முன்பு அவள் ஒரு தொலைபேசி உதவி மையத்தில் உட்கார்ந்து, திரையில் வருவதைப் படித்து, ஊரெல்லாம் உள்ள விவசாயிகளுக்கு யோசனை சொல்லிக்கொண்டிருந்தாள். வருஷக்கணக்கில் ஒரு வயலைக்கூடக் கண்ணால் பார்த்ததில்லை. வேளாண்மை படித்தவளுக்கு அது நரகம். சேற்றில் இறங்கி நாலு பேருக்குச் சொல்லிக்கொடுக்கும் வேலை என்றதும் ஆசை கண்ணை மறைத்துவிட்டது.

திட்டம் இதுதான். முதல் ஊரில் மரத்தடியில் கூட்டம் போட்டு அவள் சொன்னதையே கேளுங்கள்.

"வயல்ல எந்நேரமும் தண்ணி நின்னா சேத்துக்கு மூச்சு முட்டும். காத்துப் போகாத அந்தச் சேத்துல ஒரு கிருமி குடியிருக்கு. தழை, வேரு எல்லாத்தையும் தின்னுட்டு ஒரு வாயுவை விடும். அதுக்குப் பேரு மீத்தேன்."

"மீத்தேனா?" என்று ஒருவர் துள்ளி எழுந்தார். "அதைத் தோண்டி எடுக்கக் கூடாதுன்னு எங்கப்பாரு ரோட்டுல உக்காந்து போராடுனவரு. நீ என்னம்மா திரும்பவும் அந்தப் பேரைச் சொல்லிக்கிட்டு வர்ற?"

"பூமிக்குள்ள இருக்கறதைத் தோண்டக் கூடாதுன்னாங்க, சரிதான். இப்ப அதே வாயுவை நாமளே வயல்லேர்ந்து வெளிய விட்டுக்கிட்டிருக்கோமே அண்ணே. அது மேல போயி, பூமிக்குக் கம்பளி போத்துன மாதிரி சூட்டைப் புடிச்சு வச்சுக்குது. சித்திரை வெயில் இப்ப தையிலேயே அடிக்குதுல்ல? அதுல நம்ம பங்கும் கொஞ்சம் இருக்கு."

"அதுக்கு? நெல்லு போடாதேங்குறியா?"

"போடுங்க. தண்ணியை மட்டும் காய விட்டுப் பாய்ச்சுங்க. மண்ணு லேசா வெடிக்கிற பக்குவம் வரைக்கும் விட்டுட்டு அப்புறம் மடையைத் தொறங்க. சேத்துக்குள்ள காத்து போனா அந்தக் கிருமிக்கு ஆவாது, அடங்கிடும். பயிருக்கு ஒண்ணும் கொறையாது."

"எப்பக் காய விடணும்னு எங்களுக்கு எப்படித் தெரியும்?"

அங்கேதான் பலாப்பழம் வந்தது. மீத்தேனுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. அளக்கிற கருவிகளை வயல் வயலாக நட்டுப் பார்த்தார்கள். மழையில் பாதியும் எலி கடித்து மீதியும் போயின. கடைசியில் ஆய்வுக்கூடத்தில் இன்னொரு கிருமியைப் பழக்கினார்கள். அதை வயலில் ஊற்றிவிட்டால், மீத்தேன் விடுகிற கிருமிக்குப் பக்கத்திலேயே ஒட்டுக்குடித்தனம் இருக்கும். அது வாயு விடும்போதெல்லாம் இது பலாப்பழமாக மணக்கும். முதலில் மண்ணெண்ணெய் வாசனையைத்தான் வைத்தார்களாம். நடவுக்குப் போன பெண்களுக்கு வாந்தி வந்து, பிறகு பலாவுக்கு மாற்றினார்களாம். வயல் மணத்தால் காய விடு, மணம் நின்றால் தண்ணீர் விடு. ஒரே பருவத்தில் வட்டாரம் முழுக்கக் கற்றுக்கொண்டது.

கற்றுக்கொண்டதோடு நின்றார்களா? ஊருக்குள் மூக்கு நீண்டுபோயிற்று. யார் வயலிலிருந்து வாசனை வருகிறது என்று காற்றடிக்கும் திசையைப் பார்த்துச் சண்டை. பெண் பார்க்க வந்த ஒரு குடும்பம் வாசலிலேயே பலாவை முகர்ந்துவிட்டு, "பொறுப்பில்லாத வீடு" என்று திரும்பிப் போனது. பந்தியில் பலாச்சுளை வைத்தால் யாரும் தொடுவதில்லை. பாவம், அந்தப் பழம் என்ன செய்தது?

மூக்கில்லாத செங்கமலம் இத்தனைக்கும் நடுவே எப்படி வண்டியை ஓட்டினாள்? உண்மையில் வண்டியை ஓட்டியவன் அவள் புருஷன் உப்பிலி. வெல்டிங் பட்டறை வைத்திருந்தான். மத்தியானத்துக்கு மேல்தான் பட்டறையைத் திறப்பான். காலையில் மனைவியைப் பின்னால் உட்கார வைத்து வயல் வயலாகக் கொண்டுபோவான். பார்க்கிறவர்கள், எவ்வளவு பாசமான புருஷன் என்றார்கள். பாசம்தான். அவன் இடது காதைச் சொறிந்தால் லேசான வாசனை. மீசையை முறுக்கினால் பலம். கையைக் கட்டிக்கொண்டு நின்றால் வயல் சுத்தம். அதைப் பார்த்துவிட்டுச் செங்கமலம் மூச்சை நன்றாக இழுத்து, கண்ணை மூடி, தீர்ப்புச் சொல்வாள்.

ஆனாலும் அவளுக்கு அது போதவில்லை. கடன் வாங்கிய மூக்கல்லவா? அதனால் போகிற வயலில் எல்லாம் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கிவிடுவாள். சேற்றைக் காலால் கிண்டுவாள். குமிழி வருகிறதா, எவ்வளவு வருகிறது, பிடுங்கிய வேர் வெள்ளையா கறுப்பா என்று பார்ப்பாள். காற்றுப் போகிற சேற்றில் வேர் வெளுத்திருக்கும், மூச்சு முட்டிய சேற்றில் கறுத்திருக்கும். மற்ற பயிற்சியாளர்கள் வரப்பில் நின்று முகர்ந்துவிட்டு அடுத்த ஊருக்குப் போய்விடுவார்கள். இவள் கணுக்கால் வரை சேறோடு வீட்டுக்கு வருவாள்.

வாய்க்கால் போய் முடிகிற கடைசி ஊர் கீழச்சிறுமடை. அங்கே கடைசி வயல் வைரக்கண்ணுவுடையது. ஐம்பது வயதைத் தொட்ட மனிதர், நல்ல கறுப்பு, அதைவிட நல்ல சிரிப்பு. மூட்டை உரத்தைக் கையால் தொடாதவர் என்பதில் அவருக்கு ஏகப்பட்ட பெருமை. தழையுரத்துக்குத் தக்கைப்பூண்டு விதைத்து, அது பூக்கிற பருவத்தில் வயலிலேயே மிதித்துப் போட்டு, மேலே வேப்பம் புண்ணாக்கைத் தாராளமாகத் தூவி, தண்ணீரைக் கட்டினால் அறுவடை வரைக்கும் குளம்தான்.

முதல் தடவை போனபோது அவருடைய மனைவி பவுனு வைக்கோல் போருக்குப் பக்கத்தில் கயிற்றுக் கட்டிலைப் போட்டு உட்காரச் சொன்னாள். செங்கமலம் உட்கார்ந்தாள். உப்பிலி உட்காரவில்லை. அவன் மீசையை முறுக்கினான், துண்டால் மூக்கைப் பொத்தினான், பத்தடி தள்ளிப் போய் நின்று இன்னொரு தடவை மீசையை முறுக்கினான். செங்கமலம் அதைப் பார்த்துக்கொண்டாள். கொடுத்த டீயை ரசித்துக் குடித்துவிட்டு, மூச்சை இழுத்து, கண்ணை மூடினாள்.

"பலாப்பழ வாசனை நல்லாவே அடிக்குதேண்ணே."

வைரக்கண்ணு அவளை ஒரு மாதிரி பார்த்தார். "அடிக்குதா டீச்சர்?"

"ஆமா. வயலைக் கொஞ்சம் காய விடணும்."

"சரிங்க டீச்சர்," என்றார் அவர்.

திரும்பும் வழியில் உப்பிலி வண்டியை நிறுத்திவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டான். "வயல்லேர்ந்து ஒரு வாசனையும் வரல. வைக்கப்போருக்குள்ள எலி செத்துக் கெடக்குது! ஊரே நாறுது! நாத்தம் தாங்காம மீசையை முறுக்குனா, அதுக்குப் பக்கத்துல உக்காந்துக்கிட்டு டீயையும் குடிச்சுட்டு, பலாப்பழங்குறியே, உன்னை என்ன பண்றது?"

"அய்யய்யோ! அவரு கண்டுபிடிச்சிருப்பாரா?"

"மூஞ்சியைப் பாத்தா அப்படித் தெரியல. நல்ல மனுஷன், டீச்சர் சொன்னா சரின்னு விட்டுட்டாரு."

அடுத்த வாரம் போய், மணம் போய்விட்டது என்று சொல்லிச் சமாளித்தாள். அதிசயம் என்னவென்றால், அதற்குப் பிறகும் அந்த வயல் மணக்கவே இல்லை. பக்கத்து வயல்களெல்லாம் தண்ணீர் கட்டிய சில நாளில் பலாத்தோப்பாக மணக்க, இவருடைய வயலில் குளம் மாதிரி தண்ணீர் நின்றும் உப்பிலி கையைக் கட்டிக்கொண்டுதான் நின்றான். செங்கமலத்துக்கு இறங்கிப் பார்க்க வேண்டும் என்று கால் துறுதுறுத்தது. ஒவ்வொரு தடவையும் கேட்டாள்.

"வேணாம் டீச்சர். பயிர் மிதிபடும். வாசனைதான் இல்லியே, அப்புறம் என்ன?" என்று ஒவ்வொரு தடவையும் வைரக்கண்ணு சிரித்துக்கொண்டே மறித்தார்.

விஷயம் மாவட்டத் திட்ட அதிகாரி இன்பராஜ் காதுக்குப் போனது. அவர் நல்ல மனிதர்தான், ஆனால் அவசரக்காரர். தழையுரம், புண்ணாக்கு, நிற்கிற தண்ணீர், எல்லாம் இருந்தும் மணக்காத வயலா? இதுவல்லவா மாதிரி வயல்! டெல்டா முழுக்க உள்ள விவசாயிகளைப் பஸ் வைத்துக் கூட்டி வந்து காட்டுவோம், வைரக்கண்ணு முறையை எல்லோருக்கும் கற்றுக்கொடுப்போம் என்று நாள் குறித்துவிட்டார். வைரக்கண்ணு புது வேட்டி எடுத்தார். பவுனு வாசலுக்கு வெள்ளையடித்தாள்.

விழாவுக்கு முந்தைய நாள் உப்பிலிக்குச் சளி பிடித்துவிட்டது. ஆடிக் காற்று யாரைத்தான் விட்டது? செங்கமலம் தனியாகப் போனாள். வைரக்கண்ணு பந்தல்காரரோடு கடைத்தெருவுக்குப் போயிருந்தார். பவுனு ஆடுகளுக்குத் தழை ஒடித்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணி, நான் கொஞ்சம் வயல்ல எறங்கட்டுமா?"

"எறங்குங்களேன். அவருதான் பயிரைத் தொட்டாலே பதறுவாரு. நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்."

செங்கமலம் இறங்கினாள். கால் வைத்த இடத்தில் சேறு பொதபொதவென்று உள்வாங்கியது. குமிழி வந்தது. ஒன்றிரண்டல்ல, உலை கொதிக்கிற மாதிரி சரம் சரமாக வந்தது. வேர் ஒன்றைப் பிடுங்கிப் பார்த்தாள். கரியில் தோய்த்த மாதிரி இருந்தது. வட்டாரத்தில் அவள் இறங்கிய வயல்களில் இவ்வளவு குமிழியை எங்கேயும் பார்த்ததில்லை.

"அண்ணி, புண்ணாக்கு எவ்வளவு போடுவீங்க?"

"அது கணக்கே கெடையாது. நடவுக்கு முன்னாடி ஒரு தரம், அப்புறம் ஒவ்வொரு களையெடுப்புக்கும். இந்தக் கசப்புல ஒரு பூச்சி தங்காது டீச்சர். ஒரு கிருமி பொழைக்காது."

செங்கமலத்துக்குச் சட்டென்று உறைத்தது. பொழைக்காதுதான். ஆய்வுக்கூடத்தில் பாலூட்டி வளர்த்த பலாக்கிருமி, பாவம், அந்தக் கசப்பில் முதல் வாரமே செத்திருக்கும். மீத்தேன் விடுகிற கிருமியோ உலகம் பிறந்த காலத்துப் பிறவி. அது புண்ணாக்குக்கா அசையும்? தழையுரத்தைத் தின்றுவிட்டு, தண்ணீர்ப் போர்வைக்குள் சுகமாக வாயு விட்டுக்கொண்டிருக்கிறது. வயல் சுத்தமாக இல்லை. கோள் சொல்கிற கிருமி செத்துப்போயிருக்கிறது, அவ்வளவுதான்.

இன்பராஜுக்குப் போன் போட்டாள். "மோந்து பாத்தீங்களா மேடம்?" என்றார் அவர். "வாசனை இல்லைல்ல? அப்புறம் என்ன கொழப்பம்? நாளைக்கு அமைச்சர் அலுவலகத்துலேர்ந்துகூட ஆள் வர்றாங்க," என்று வைத்துவிட்டார்.

வீட்டில் உப்பிலி போர்வைக்குள் நொச்சி ஆவி பிடித்துக்கொண்டிருந்தான். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு உள்ளேயிருந்தே பேசினான்.

"பேசாம விட்டுடு கமலம். நீ வாயைத் தொறந்தா, இத்தனை நாளா என்னத்த மோந்து பாத்தேன்னு கேப்பாங்க. மூக்கு இல்லைன்னு தெரிஞ்சா அன்னிக்கே வீட்டுக்கு அனுப்பிடுவாங்க."

"தெரியும்."

"அந்த மனுஷன் புது வேட்டியெல்லாம் எடுத்து வச்சிருக்காரு."

"அதுவும் தெரியும். ஆனா நாளைக்கு வர்ற அத்தனை பேரும் இதைப் பாத்துட்டுப் போயி, அவங்கவங்க வயல்ல புண்ணாக்கைக் கொட்டித் தண்ணியைக் கட்டுவாங்க. ஒரு வயலும் மணக்காது. எல்லாரும் நல்லவங்க ஆயிடுவாங்க. வாயு மட்டும் அது பாட்டுக்குப் போய்க்கிட்டே இருக்கும். நான் சொல்லிக்கொடுத்ததா இருக்கும் அது."

வேர்த்து வடிந்த முகத்தோடு உப்பிலி வெளியே வந்தான். "கண்ணாடிச் சீசா வேணுமா, பிளாஸ்டிக்கா? புனல் நம்ம பட்டறையிலேயே இருக்கு," என்றான்.

மறுநாள் கூட்டம் தொடங்கும் முன் வைரக்கண்ணுவைத் தனியாகப் பார்த்துச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் உப்பிலியோடு கிளம்பினாள். அவர் தனியாக இருந்தால்தானே? பஸ்கள் அதற்குள் வந்துவிட்டன. சந்தனமும் கல்கண்டும் வைத்து வரவேற்றுக்கொண்டிருந்தார். அவருடைய சம்பந்தி வீட்டார் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். மேல்மடை ஊர்க்காரர்கள் வயலோரமாக நின்று, மூக்கை இழுத்து இழுத்துப் பார்த்து, "அட, சுத்தமா இல்லப்பா!" என்று வியந்தார்கள்.

இன்பராஜ் மைக்கில் வைரக்கண்ணுவை வானளாவப் புகழ்ந்துவிட்டு, "இப்ப நம்ம பயிற்சியாளர் மேடம் வயலைச் சோதிச்சு அறிவிப்பாங்க," என்றார்.

செங்கமலம் வைரக்கண்ணுவின் முகத்தைப் பார்க்காமல் சேலையைச் செருகிக்கொண்டு வயலில் இறங்கினாள். சீசா நிறையத் தண்ணீர் மொண்டு, புனலை மாட்டி, தலைகீழாக நீருக்குள் கவிழ்த்துப் பிடித்தாள். காலால் சேற்றைக் கிண்டினாள். குமிழி புனலுக்குள் ஏற ஏறச் சீசாவில் தண்ணீர் இறங்கியது. கூட்டம் எட்டிப் பார்த்தது. நிறைந்ததும் வாயை விரலால் அடைத்துக்கொண்டு வரப்பேறினாள்.

"இந்த வயல் சுத்தமா இல்லை. வாசனைக் கிருமி புண்ணாக்குல செத்துப்போச்சு. வாயு போய்க்கிட்டுதான் இருக்கு. இதுக்குள்ள இருக்கறது அதான். பத்தவச்சா எரியும்."

ஒரே சலசலப்பு. இன்பராஜின் முகம் சிவந்துவிட்டது. "என்ன மேடம் இது? வாரா வாரம் வந்து மோந்து பாத்து, சுத்தம், சுத்தம்னு சொன்னது நீங்கதானே? அப்ப உங்க மூக்கு பொய் சொல்லிச்சா, இப்ப உங்க கால் பொய் சொல்லுதா?"

கூட்டம் முழுக்க வைரக்கண்ணுவைப் பார்த்தது. அவருடைய வயலல்லவா, அவருடைய மானமல்லவா? சம்பந்தி ஒருவர், "யோவ், அந்தம்மா ஏதோ ஒளறுது, நீ பேசுய்யா," என்று குரல் கொடுத்தார்.

வைரக்கண்ணு செங்கமலத்தைப் பார்த்தார். முன்பு ஒரு நாள் வைக்கோல் போருக்குப் பக்கத்தில் பார்த்தாரே, அதே பார்வை. என்னவோ சொல்ல வாயெடுத்தார். பிறகு புது வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வரப்பில் நடந்து வந்தார்.

"மூக்கைப் பத்தி அப்புறம் பேசலாம் சார். யாருகிட்டய்யா தீப்பெட்டி இருக்கு?"

அவரே குச்சியைக் கிழித்தார். செங்கமலம் விரலை எடுத்தாள். பக்கென்று ஒரு சத்தம். வெயிலில் சுடர் சரியாகக் கண்ணுக்குத் தெரியவில்லை. வைரக்கண்ணு கையை உதறிக்கொண்டு பின்னால் நகர்ந்தார். முழங்கை வரைக்கும் மயிர் பொசுங்கிப்போயிருந்தது. அந்த நாற்றம் கூட்டம் முழுக்க எட்டியது, செங்கமலத்தையும் சளி பிடித்த உப்பிலியையும் தவிர.

வைரக்கண்ணு தன் வயலைப் பார்த்துக்கொண்டே நின்றார். செங்கமலம் அந்த முகத்தைப் பார்த்தாள். தன் மானத்தைத் தானே கொளுத்திக் காட்டிவிட்டார் மனிதர். இதற்கு மேலும் தான் ஒளிந்துகொண்டிருப்பது கேவலம் என்று தோன்றிவிட்டது. போய் மைக்கைப் பிடித்தாள்.

"சார் கேட்டதுக்குப் பதில் சொல்லிடுறேன். எனக்கு மோப்பம் கெடையாது. ரொம்ப வருஷமா கெடையாது. என் வீட்டுக்காரர்தான் மோந்து பாத்துச் சைகை காட்டுவாரு. நேத்து அவருக்குச் சளி. அதனால எறங்கிப் பாத்தேன். அதனாலதான் தெரிஞ்சுது."

உப்பிலி கடைசி வரிசையில் நின்று மீசையை முறுக்கிக்கொண்டிருந்தான். பழக்க தோஷம். யாரோ சிரிக்க, கூட்டம் முழுக்கச் சிரித்துவிட்டது. இன்பராஜ் மட்டும் சிரிக்கவில்லை. அவருக்குக் கணக்கு வேறு பக்கம் ஓடிக்கொண்டிருந்தது. வட்டாரத்தில் பாதி வயல்களில் கொஞ்சமாவது புண்ணாக்கு போடுகிறார்கள்.

"நீங்க ஏண்ணே காய விடவே மாட்டேங்குறீங்க?" என்று செங்கமலம் மெதுவாகக் கேட்டாள்.

வைரக்கண்ணு வாய்க்காலைக் காட்டினார். "நான் கடைமடைக்காரன் டீச்சர். எங்கப்பன் காலத்துல மேல பத்து ஊரு குடிச்சு மீந்தாத்தான் எங்களுக்குத் தண்ணி. வந்த தண்ணியை விட்டா திரும்ப வராதுன்னு பயம். இப்பக் கொஞ்ச நாளா நெறைய வருது. வர்றப்பவே கட்டி வச்சுக்குவோம்னு."

"நெறைய வருதுன்னா எதனாலங்க?" என்றாள் அவள். "மேல அவங்க எல்லாரும் காய விடுறாங்க. அதனாலதான் மிச்சமாகி உங்ககிட்ட வருது. அவங்க அடக்குன வாயுவைச் சேத்து நீங்க விட்டுக்கிட்டிருக்கீங்க."

மேல்மடை ஊர்க்காரர் ஒருவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். "அட, இதுதானா சங்கதி? காய விடுப்பா வைரக்கண்ணு. உன் மண்ணு வெடிச்சா மொத முறை உனக்கு. மடையை நானே வந்து தொறந்து விடுறேன். இத்தனை பேருக்கு முன்னாடி சொல்றேன், போதுமா?"

வைரக்கண்ணு தலையை ஆட்டினார்.

செங்கமலத்தை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். மோப்பச் சோதனையில் ஏமாற்றியது ஏமாற்றியதுதான் என்றார் இன்பராஜ். அவள் வழக்காடவில்லை. பட்டறையில் உப்பிலிக்கு உதவியாக இரும்பு வெட்டிக்கொண்டிருந்தாள். ஆவணி பிறந்ததும் இன்பராஜே பட்டறை வாசலில் வந்து நின்றார்.

"புண்ணாக்கு போட்ட வயலையெல்லாம் கருவி வச்சு அளந்தோம் மேடம். நீங்க சொன்னதுதான். எங்க பயிற்சியாளர்களை வயல்ல எறங்கச் சொன்னா, என்னத்தைப் பாக்கணும்னே யாருக்கும் தெரியல. எல்லாருக்கும் மூக்கு மட்டும்தான் தெரியுது." தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "மூக்கில்லாம எப்படிக் கத்துக்கறதுன்னு ஒரு பயிற்சி போடலாம்னு இருக்கோம். அதுக்குத் தகுதி என்னன்னு யோசிச்சோம். உங்க பேருதான் வந்துச்சு."

முதல் வகுப்பு கீழச்சிறுமடையில், வைரக்கண்ணு வயலில். பயிற்சியாளர்களும் விவசாயிகளும் கலந்து வந்திருந்தார்கள். செங்கமலம் எல்லோரையும் துண்டால் மூக்கைக் கட்டிக்கொள்ளச் சொன்னாள். மூக்கைக் கட்டிய கூட்டம் வரிசையாகச் சேற்றில் இறங்கி, காலால் கிண்டி, குமிழி பார்த்து, வேரைப் பிடுங்கி வெயிலில் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தது. ரோட்டில் போன பஸ்ஸிலிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்துச் சிரித்தார்கள். வரிசையில் முதல் ஆள் வைரக்கண்ணு. அவர் பிடுங்கிய வேர் பாதிக்கு மேல் வெளுத்திருந்தது. அதை எல்லோரிடமும் கொண்டுபோய்க் காட்டினார். "தொட்டுப் பாருங்க, தொட்டுப் பாருங்க," என்று அவரே பயிரை மிதித்துக்கொண்டு ஓடினார்.

வகுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகு பவுனு செங்கமலத்துக்கும் உப்பிலிக்கும் கயிற்றுக் கட்டிலைப் போட்டாள். பருவத்தின் கடைசிப் பலாப்பழம் ஒன்றை அரிந்து, தட்டு நிறையச் சுளை வைத்தாள்.

"நீங்களும் எடுங்கண்ணி."

"எங்களுக்கு இந்த வாசனையே வெறுத்துப்போச்சு டீச்சர். மரத்துல சும்மா வெடிச்சு விழுது. உங்களுக்காகத்தான் அறுத்தேன்."

செங்கமலம் ஒரு சுளையை வாயில் போட்டாள். வைக்கோல் போரைப் பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது.

"அன்னிக்கு இங்கதானே உக்காந்தேன்? உள்ள எலி செத்துக் கெடந்துச்சாமே. பின்னாடிதான் இவரு சொன்னாரு."

"எலியில்ல டீச்சர், பெருச்சாளி," என்றார் வைரக்கண்ணு. "அதுக்குப் பக்கத்துல உக்காந்துக்கிட்டு நீங்க பலாப்பழம்னீங்க பாருங்க, அப்பவே தெரிஞ்சுபோச்சு."

அவளுக்குச் சுளை தொண்டையில் நின்றது. "தெரியுமா? அன்னிக்கேவா? அப்ப கூட்டத்துல, சார் என்னைக் கேட்டப்ப... ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் காலி. உங்க மானமும் போயிருக்காது. ஏண்ணே சொல்லல?"

வைரக்கண்ணு காலில் ஒட்டியிருந்த சேற்றை வைக்கோலால் துடைத்தார்.

"உங்களுக்கு முன்னாடி ரெண்டு பேரு வந்தாங்க டீச்சர், நல்ல மூக்கோட. ரெண்டு பேரும் வண்டியை விட்டே எறங்கல. கடைமடைதானேன்னு ரோட்டுலேர்ந்தே மோந்துட்டுப் போயிட்டாங்க. நீங்கதான் வாரா வாரம் வந்து, எறங்கட்டுமா, எறங்கட்டுமான்னு கேட்டீங்க. நான் சொல்லியிருந்தா உங்களை எடுத்துட்டு, இன்னொரு மூக்கைத்தானே அனுப்பியிருப்பாங்க?"

செங்கமலம் தலையைக் குனிந்துகொண்டாள். உப்பிலி அவசரமாகத் துண்டை எடுத்து மூக்கைச் சிந்தினான். சளி போய் வெகு நாளாகியிருந்தது.

"இன்னொண்ணு எடுத்துக்குங்க டீச்சர்," என்று பவுனு தட்டை நகர்த்தினாள். "நல்லாருக்கா?"

செங்கமலம் எடுத்துக்கொண்டாள். வழக்கம்போல் வாசனை தெரியவில்லை. இனிப்பு நன்றாகத் தெரிந்தது.